டென்ட் கண்ணுல படாம போறது ஏன்? ஒரகடத்துக் கேள்வியோட ஒரு பார்வை ஆய்வகத்துக்குப் போகும் வழி

இந்த எபிசோடை ஒரு வாய்ஸ் நோட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். அனுப்பினவங்க தண்டலம் பக்கத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல மூணாம் வருஷம் ஈ.சி.ஈ. படிக்கிறாங்க. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்காங்க. முதல்ல ஒரு கேள்வி: "அண்ணா, மூளை ஆராய்ச்சியில, குறிப்பா கண்ணால பார்க்கிறது மூளைக்குள்ள எப்படி நடக்குதுங்கிறதுல எனக்கு ரொம்ப ஆர்வம். எங்க காலேஜ்ல அதுக்குன்னு லேப் கிடையாது. வெளியில யாராவது சேர்த்துப்பாங்களா?"

அடுத்து வந்தது கேள்வியே இல்ல, ஆதங்கம். அவங்க கூடப்பிறந்த அண்ணன் ஒரகடம் பக்கம் ஒரு வண்டி கம்பெனியில ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்ல நிக்கிறாரு. கதவுல இருந்த ஒரு சின்ன டென்ட்டை விட்டுட்டாருன்னு மெமோ. காரணம்னு போட்டிருந்த இடத்துல ஒரே வார்த்தை: கவனக்குறைவு. "அவன் அப்படிப்பட்டவன் இல்லண்ணா" அப்படின்னு சொல்லிட்டு நோட்டை முடிச்சிட்டாங்க.

ரெண்டையும் அவங்க தனித்தனியாதான் சொன்னாங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியுது. பார்வை நரம்பியல் ஆய்வகத்துல ஒரு மாணவரைச் சேர்க்கும்போது அவங்க தேடுறது, கையில ஒரு நல்ல கேள்வி இருக்கிற ஆளை. இவங்க வீட்டுலயே ஒரு நல்ல கேள்வி இருக்கு. அதனால அந்த மெமோவிலிருந்தே போவோம்.

தேடினது கிடைக்காம இருந்தா கண்ணு என்ன பண்ணும்?

2005-ல ஜெரமி வுல்ஃபும் அவரோட சகாக்களும் நேச்சர் இதழில் ஒரு சின்ன கட்டுரை போட்டாங்க. விமான நிலையத்துல பையை எக்ஸ்ரே பண்ற மாதிரி, ஸ்கிரீன்ல பல பொருள்கள் ஒண்ணு மேல ஒண்ணா கிடக்கும். அதுல ஒரு டூல் இருக்கா இல்லையான்னு சொல்லணும். அவ்வளவுதான் வேலை. நூறு படத்துல ஐம்பதுல டூல் இருந்தப்போ, இருந்ததுல 7 சதவீதத்தை மட்டும்தான் ஆட்கள் தவறவிட்டாங்க. பத்துல ஒரு படத்துலதான் இருக்குன்னு ஆக்கினதும் அது 16 சதவீதமாச்சு. நூறுல ஒண்ணுன்னு குறைச்சப்போ 30 சதவீதம்.

அதே வேலை, அதே மாதிரி படங்கள். மாறினது ஒண்ணே ஒண்ணு: தேடுற பொருள் எவ்வளவு அரிதா வருதுங்கிறது.

இது ஏன் நடக்குதுன்னு கொஞ்சம் நிதானமா பார்க்கலாம். ஒரு படத்துல தேடும்போது நம்ம மூளை ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து முடிச்சிட்டு "இல்லை"ன்னு சொல்றதில்ல. அதுக்கு நேரமே பத்தாது. ஏதோ ஒரு கட்டத்துல "இதுக்கு மேல பார்த்தா வீண்"னு நிறுத்திடும். அந்த நிறுத்தற இடத்தை யாரும் சொல்லிக் கொடுக்கிறதில்ல. முன்னால நடந்ததை வெச்சு மூளை தானாவே நகர்த்திக்குது. தேடினது அடிக்கடி கிடைச்சா இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கும். தொடர்ந்து கிடைக்கலைன்னா சீக்கிரம் கிளம்பிடும். கூடவே இன்னொண்ணும் நடக்குது. அபூர்வமா வர்ற பொருளை "இருக்கு"ன்னு சொல்ல மூளை கூடுதல் ஆதாரம் கேட்கும். லேசா ஒரு நிழல் தெரிஞ்சாலும் "அது ஒண்ணுமிருக்காது"ன்னு தள்ளிடும். ரெண்டுமே நம்ம சம்மதம் கேட்காம நடக்கிற விஷயங்கள்.

இப்போ இதை லைன்ல வெச்சுப் பாருங்க. ஒரு நல்ல ஃபேக்டரியில டென்ட் அரிதாத்தான் வரும், வரணும். பிரஸ் ஷாப்பும் பெயின்ட் ஷாப்பும் எவ்வளவு ஒழுங்கா வேலை செய்யுதோ, கடைசியில நிக்கிற இன்ஸ்பெக்டருக்கு அவ்வளவு கஷ்டம். எனக்கு இதுல ஒரு கசப்பான சிரிப்பு வரும்: கம்பெனியோட தரம் கூடக் கூட, அவரு "கவனக்குறைவானவரா" ஆகுறாரு.

நேரமும் சேருது. இரண்டாம் உலகப்போர் காலத்துல பிரிட்டிஷ் விமானப்படையில ரேடார் பார்க்கிறவங்க, கொஞ்ச நேரம் போனதும் திரையில வர்ற புள்ளிகளை விட ஆரம்பிச்சாங்க. நார்மன் மேக்வொர்த் அதை ஆராய்ஞ்சு 1948-ல வெளியிட்டாரு. ஒரு முள்ளு கடிகாரம் மாதிரி ஒவ்வொரு படியா நகரும், எப்பவாவது ஒரு தடவை ரெண்டு படி குதிக்கும். அந்தக் குதியை மட்டும் பார்த்துச் சொல்லணும். ரெண்டு மணி நேரம். முதல் அரை மணி நேரம் தாண்டினதுமே கண்டுபிடிக்கிற அளவு இறங்கிடுச்சு. எட்டு மணி நேர ஷிஃப்ட்டைப் பத்தி நான் தனியா சொல்ல வேண்டியதில்ல.

இதுக்குத் தீர்வே இல்லையான்னா, இருக்கு. விமான நிலையங்கள்ல எக்ஸ்ரே ஸ்கிரீன்ல அவ்வப்போது கம்ப்யூட்டரே பொய்யான ஆயுதப் படத்தைச் செருகும். பார்க்கிறவர் பிடிச்சா "சரி, இது சோதனை"ன்னு சொல்லும். தேடுற பொருள் செயற்கையா அடிக்கடி வர வைக்கிறாங்க. இதே யோசனை கார் கதவுக்கு எப்படிப் பொருந்தும்? இது ஒரு மாணவர் கையில எடுக்கக்கூடிய அளவுக்குச் சின்ன கேள்விதான்.

இட்லித் தட்டும் ராமச்சந்திரனும்

டென்ட்ல இன்னொரு வேடிக்கை இருக்கு. வீட்டுல ஒரு காலி இட்லித் தட்டை எடுங்க. பழைய அலுமினியத் தட்டா இருந்தா நல்லது, பளபளப்பு கம்மி. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழுற மாதிரி வெச்சு, அந்தப் பக்கம் படத்தோட மேல்பக்கமா வர்ற மாதிரி ஒரு போட்டோ எடுங்க. விளிம்பு தெரியாம குழிகளை மட்டும் க்ராப் பண்ணிட்டு, படத்தைத் தலைகீழா திருப்புங்க. குழியெல்லாம் பலருக்கு மேடாத் தெரியும், இட்லி வெந்து உப்பின மாதிரி.

காரணம் இதுதான். வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும்னு மூளை வெச்சிருக்கிற ஒரு அனுமானம். மேல்பக்கம் வெளிச்சமா, கீழ்ப்பக்கம் நிழலா இருந்தா மேடு. மாறி இருந்தா பள்ளம். 1988-ல இதைப் பத்தி நேச்சர்ல விரிவா எழுதினவர் வி.எஸ். ராமச்சந்திரன். அதுல ஒரு நுணுக்கம் உண்டு: "மேல"ங்கிறதை மூளை வானத்தை வெச்சு முடிவு பண்றதில்ல, நம்ம தலையை வெச்சு முடிவு பண்ணுது. தலையைச் சாய்ச்சா அந்த "மேல"யும் கூடவே சாயும். மேல்-கீழ் நிழல் உள்ள ஒரு வட்டம் கூட்டத்துல தனியா எடுத்துத் தெரியுது; இடது-வலது நிழல் உள்ளது அவ்வளவு சுலபமாத் தெரியறதில்ல.

வண்டி கம்பெனிகள்ல இன்ஸ்பெக்‌ஷன் பேயில கோடு கோடா டியூப்லைட் போட்டிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. நிழலை நம்ப முடியாததாலதான் அந்த ஏற்பாடு. பெயின்ட்ல அந்தக் கோடுகளோட பிரதிபலிப்பு நேரா ஓடணும். எங்க வளையுதோ அங்க டென்ட். வரிக்குதிரை விளக்குன்னு சொல்லலாம். எந்த இடைவெளியில கோடு போட்டா மனுஷக் கண்ணு சீக்கிரம் பிடிக்கும்? இதுவும் ஒரு கேள்வி.

ராமச்சந்திரனைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும், ஏன்னா அது நம்ம ஊர்க் கதை. மிரர் பாக்ஸ் வெச்சு, வெட்டுப்பட்ட கையில வர்ற வலியைக் குறைச்சவர்னுதான் பலருக்கு அவரைத் தெரியும். அதெல்லாம் பின்னாடி, கலிபோர்னியாவுல. அவரு படிச்சது சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில. எம்.பி.பி.எஸ். மாணவரா இருக்கும்போதே, 1972-ல, எஸ். ஸ்ரீராமோட சேர்ந்து அவர் எழுதின கட்டுரை நேச்சர்ல வந்தது.

அந்தச் சோதனையை விளக்குறேன், ஏன்னா அதோட எளிமைதான் விஷயம். பேலா யூலெஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஏற்கனவே ஒரு படவகையை உருவாக்கியிருந்தாரு. ரெண்டு சதுரம், ரெண்டுலயும் வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள். தனித்தனியா பார்த்தா டிவியில சிக்னல் போன மாதிரி இருக்கும். ஒரு கண்ணுக்கு ஒண்ணு, இன்னொரு கண்ணுக்கு இன்னொண்ணுன்னு காட்டினா, நடுவுல ஒரு கட்டம் மட்டும் மேல மிதக்கும். ஆழம் தெரியும். இப்போ ரெண்டு கண்ணுக்கும் வேற வேற நிற ஃபில்டர் வெச்சா என்ன ஆகும்? ரெண்டு கண்ணும் ரெண்டு நிறம் சொல்லும், மூளைக்குள்ள சண்டை. கொஞ்ச நேரம் ஒரு நிறம், கொஞ்ச நேரம் இன்னொண்ணுன்னு மாறி மாறித் தெரியும். அந்தச் சண்டை நடக்கும்போது ஆழமும் உடையுமா? உடையலை. நிறத்துல ரெண்டு கண்ணும் ஒத்துப்போகாதப்பவும், ஆழத்துல ஒத்துப்போகுது. அப்போ மூளை நிறத்தையும் ஆழத்தையும் ஒரே மூட்டையா கட்டி அனுப்பறதில்ல.

இதுக்கு என்ன வேணும்? புள்ளிப் படம், நிற ஃபில்டர், பார்க்க ஒரு ஆள். "எங்க காலேஜ்ல எம்.ஆர்.ஐ. இல்லையே"ன்னு யாராவது சொன்னா நான் இதைத்தான் சொல்வேன்.

இந்தியாவுல நடந்த இன்னொரு பெரிய சோதனையும் இப்படித்தான். பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்குத் திடீர்னு பார்வை வந்தா, தொட்டுத் தெரிஞ்சு வெச்சிருக்கிற உருண்டையையும் கட்டையையும் கண்ணால அடையாளம் காண்பாரான்னு மாலினோ 1688-ல கேட்டாரு. பவன் சின்ஹாவோட பிரகாஷ் திட்டத்துல, கண் அறுவை சிகிச்சை முடிஞ்ச 8 முதல் 17 வயசு வரையிலான அஞ்சு பேரை வெச்சு 2011-ல ஒரு பதில் கிடைச்சது: உடனே முடியறதில்ல, ஆனா சீக்கிரமே கத்துக்கறாங்க. பயன்படுத்தினது குழந்தைங்க விளையாடுற கட்டைகள் மாதிரியான பொருள்கள்.

எந்தக் கதவு, எப்போ திறக்கும்?

சரி, இடங்கள். ஸ்ரீபெரும்புதூர் வழியா போற நெடுஞ்சாலையிலேயே 300 கிலோமீட்டர் போனா பெங்களூரு. இந்திய அறிவியல் கழகத்துல 2009-ல தொடங்கின நரம்பியல் மையம் இருக்கு. அங்க எஸ்.பி. அருண் நடத்துற விஷன் லேப், நாம பேசிட்டிருக்கிற "தேடிக் கண்டுபிடி" வகைச் சோதனைகளை நிறையப் பண்றாங்க. 2019-ல தெலுங்கு படிக்கத் தெரிஞ்சவங்களையும் மலையாளம் படிக்கத் தெரிஞ்சவங்களையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு. ஒரே மாதிரி எழுத்துக் கூட்டத்துல வித்தியாசமானதைக் கண்டுபிடிக்கணும். எழுத்து தெரிஞ்சவங்களுக்கு, சேர்ந்திருக்கிற எழுத்துகள் ஒண்ணோட ஒண்ணு கலங்காம தனித்தனியாத் தெரியுதுன்னு முடிவு வந்தது. படிப்பு பார்வையையே மாத்துது. எனக்கு உடனே "கொ" ஞாபகம் வந்தது: சத்தத்துல க முதல்ல, கண்ணுல கொம்பு முதல்ல, கால் கடைசியில. அதைக் கண்ணு எப்படிச் சேர்க்குது? தமிழ் படிக்கிற ஒருத்தர் கேட்க வேண்டிய கேள்வி அது.

அதே ஆய்வகத்துல ஹரிஷ் கட்டியும் அருணும் 2019-ல பண்ணின இன்னொண்ணு உங்களுக்குப் பிடிக்கும்: முகத்தைப் பார்த்து இவர் வட இந்தியரா தென் இந்தியரான்னு சொல்ல முடியுமா? மனுஷங்க குத்துமதிப்பை விட நல்லாவே சொல்றாங்க. கம்ப்யூட்டரும் சொல்லுது. ஆனா ரெண்டு பேரும் தப்பு பண்ற விதம் வேற. "இன்ஸ்பெக்‌ஷனுக்குத்தான் கேமரா வந்துடுச்சே, இனி மனுஷக் கண்ணை எதுக்கு ஆராயணும்?"னு கேட்கிறவங்களுக்கு இதுல ஒரு பதில் இருக்கு. கேமரா விடுற இடம் வேற, மனுஷன் விடுற இடம் வேறன்னா, ரெண்டையும் எப்படிச் சேர்க்கிறதுங்கிறதே தனி ஆராய்ச்சி.

அதே மையத்துல சுப்ரதிம் ராய், பார்க்கும்போது மூளையில எழுற மின் அலைகளை ஆராயறாரு. சிக்னல் ப்ராசஸிங் பிடிச்ச ஈ.சி.ஈ. ஆட்களுக்கு நேரா பொருந்துற இடம். சென்னைக்குள்ளேயே ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல ஸ்ரீநிவாச சக்ரவர்த்தி கணக்கீட்டு நரம்பியல்ல வேலை செய்றாரு, மூளையைக் கம்ப்யூட்டர் மாதிரிகளா எழுதிப் பார்க்கிற துறை. ஆப்டோமெட்ரி படிக்கிறவங்களுக்குச் சங்கர நேத்ராலயாவோட எலீட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி 1985-லேர்ந்து இருக்கு. கண் மருத்துவமனை பக்கத்திலிருந்தும் இந்தத் துறைக்குள்ள வரலாங்கிறதை நம்ம ஆட்கள் மறந்துடறாங்க.

உள்ள போற வழின்னு பார்த்தா முக்கியமா ரெண்டு. ஒண்ணு, மூணு அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்துற கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப். ரெண்டு மாசம். இளங்கலை, முதுகலை, இன்ஜினியரிங் எல்லாரும் போடலாம். வருஷக் கடைசி மாசங்கள்ல விண்ணப்பம் வரும். ஏன் இந்த ஆராய்ச்சின்னு நீங்க எழுதின ஒரு சின்ன கட்டுரையும், ஒரு ஆசிரியரோட பரிந்துரைக் கடிதமும் வேணும். இன்னொண்ணு, ஐ.ஐ.டி. மெட்ராஸோட கோடைக்கால ஃபெலோஷிப். பொதுவா மூணாம் வருஷ பி.ஈ., பி.டெக். மாணவர்களும் முதுகலை முதல் வருஷத்துக்காரங்களும். வருஷத் தொடக்கத்துல அறிவிப்பு, மே முதல் ஜூலை வரை வேலை. ரெண்டுலயும் உதவித்தொகை உண்டு. தேதியும் தொகையும் தகுதியும் மாறும்ங்கிறதால அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துக்கோங்க.

பலரும் சறுக்குற இடம் காலண்டர். கோடைக்கு வேலை வேணும்னு ஏப்ரல்ல தேட ஆரம்பிக்கிறாங்க. அக்டோபர்லயே ஆசிரியர்கிட்ட பரிந்துரைக் கடிதம் பத்திப் பேசியிருக்கணும். அந்த ஆசிரியருக்கு உங்க ரோல் நம்பரைத் தவிர வேற ஏதாவது தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லது.

மூணாவது வழி, பேராசிரியருக்கு நேரா மெயில். "ரெஸ்பெக்டெட் சார், ஐ ஆம் வெரி பேஷனேட்"னு ஆரம்பிச்சு ஐம்பது பேருக்கு ஒரே மெயில் போனா, அதை யாரும் முழுசா படிக்கிறதில்ல. அவங்க கட்டுரை ஒண்ணைப் படிங்க. அதுல புரியாத ஒரு இடத்தைக் கேளுங்க. நீங்க பண்ணிப் பார்த்த ஏதோ ஒண்ணை, ஒரு பக்கத்துல, ஒரு படத்தோட இணைங்க. மொத்தமா பத்து வரி போதும். பதில் வரலைன்னா ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவை ஞாபகப்படுத்தலாம், அதுக்கப்புறம் விட்டுடுங்க.

போனா என்ன வேலை தருவாங்க?

ஏமாந்துடாதீங்க. முதல் வாரத்துல மூளையைத் தொட விடமாட்டாங்க. நூத்துக்கணக்கான படங்களை ஒரே அளவுக்கு வெட்டி, ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டு வர்றதுல ஒரு வாரம் போகும். ஸ்கிரீன் எவ்வளவு தூரத்துல இருக்கு, அதுல ஒரு சென்டிமீட்டர் கண்ணுல எவ்வளவு கோணம்னு கணக்குப் போடணும். 57 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தா ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரி. அதனாலதான் பல ஆய்வகத்துல அந்த விசித்திரமான தூரம். கையை நீட்டிப் பிடிச்சா கட்டை விரலோட அகலம் ஏறக்குறைய ரெண்டு டிகிரி.

அப்புறம் ஆள் பிடிக்கிறது. சோதனையில உட்கார ஆட்களை வரவழைக்கிறது ஒரு தனிக்கலை. ஈ.ஈ.ஜி. எடுக்கிறதுன்னா தலைக்கு எண்ணெய் வைக்காம, குளிச்சிட்டு வரச் சொல்லணும், இல்லைன்னா மின்முனை சரியா ஒட்டாது. நம்ம ஊர்ல இதை ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு தடவை ஞாபகப்படுத்தணும். கண் அசைவைப் பதிவு பண்ற கருவின்னா கண் மை வேண்டாம். முடிஞ்சதும் ஜெல் படிஞ்ச தொப்பியைக் கழுவி உலர்த்தறது பெரும்பாலும் புதுசா வந்தவர் வேலை. இதுக்கு நடுவுலதான் நிஜமான விஷயம் நடக்கும்: வாராந்திர லேப் மீட்டிங்ல யாரோ ஒருத்தர் தன் கிராஃபைப் போட, இன்னொருத்தர் "இது வேற காரணத்தாலயும் வரலாமே"ன்னு கேட்பாங்க. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே போகலாம்னு நான் சொல்வேன்.

போறதுக்கு முன்னாடியே ஒண்ணு பண்ணிப் பாருங்க

சைக்கோபைன்னு ஒரு மென்பொருள் இருக்கு, இலவசம், பைதான்ல ஓடுது. படம் காட்டும், பட்டன் அழுத்தினா நேரத்தை மில்லி செகண்ட்ல குறிச்சுக்கும். அதை வெச்சு டென்ட் சோதனையை ஹாஸ்டல் ரூம்லயே செய்யலாம்.

சாம்பல் நிறப் பரப்புல நிழல் கொடுத்து நீங்களே மேடு பள்ளம் வரையுங்க. நிறைய மேடுகளுக்கு நடுவுல ஒரு பள்ளம் இருக்கா இல்லையா, அதுதான் கேள்வி. ஒரு நாள் பாதிப் படங்கள்ல பள்ளம், இன்னொரு நாள் பத்துல ஒண்ணுல. வுல்ஃப் மாதிரி நூறுல ஒண்ணுன்னு போகாதீங்க. 200 படம் காட்டினா ரெண்டு பள்ளம்தான் வரும், அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. பத்துல ஒண்ணுன்னா 20 கிடைக்கும். பாதிப் பேருக்கு முதல் நாள் அரிதானது, மீதிப் பேருக்கு ரெண்டாம் நாள் அரிதானதுன்னு மாத்தி வைங்க. இல்லைன்னா பழக்கத்தால வந்த முன்னேற்றம் உங்க முடிவுக்குள்ள கலந்துடும். தவறவிட்டது எத்தனைங்கிறதோட, "இல்லை"ன்னு சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தாங்கங்கிறதையும் பாருங்க. அரிதான நாள்ல அந்த நேரம் சுருங்குதான்னு பார்த்தா, மூளை சீக்கிரம் நிறுத்துதாங்கிறது உங்க கண்ணு முன்னாடியே தெரியும். அந்த ஒரு கிராஃப்தான் மெயில்ல இணைக்க வேண்டிய படம்.

இங்க ஒரு கண்டிப்பு. நண்பர்களை வெச்சுப் பண்ணினாலும் அவங்க சம்மதம் எழுத்துல வேணும், பாதியில எழுந்து போற உரிமை வேணும். வெளியிடற எண்ணம் இருந்தா காலேஜ் நெறிமுறைக் குழுகிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும். முடிச்சிட்டு வாங்கிக்கலாம்னு கிடையாது. லைன்ல வேலை செய்றவங்களை வெச்சுப் பண்ணணும்னா இன்னும் ஜாக்கிரதை. கம்பெனி மூலமா ஆள் கூப்பிட்டா அந்தச் சம்மதம் சம்மதமே இல்ல; சூப்பர்வைசர் சொல்லி வர்றவர் "வேண்டாம்"னு எப்படிச் சொல்வாரு? அதோட "இவரு 30 சதவீதம் விட்டாரு"ன்னு பேரோட ஒரு எக்ஸெல் ஷீட் ஹெச்.ஆர். கைக்குப் போனா, அடுத்த மெமோவுக்கு நீங்களே ஆதாரம் கொடுத்த மாதிரி. பேரைப் பதியாதீங்க, கம்பெனி பேரைப் பதியாதீங்க, யாருக்கும் தனி மார்க் கொடுக்காதீங்க. யாரு விட்டாங்கன்னு கேட்கிற ஆய்வு மேலாளருக்கு வேணும்னா உதவும். எந்தச் சூழ்நிலையில எல்லாருமே விடறாங்கன்னு கேட்கிற ஆய்வுதான் அந்த மெமோவுக்குப் பதில் சொல்லும்.

காசு விஷயம்

ரெண்டு மாசம் பெங்களூருல தங்கறது எல்லார் வீட்டுலயும் நடக்கிற காரியமில்ல. உதவித்தொகை இருக்கிற திட்டங்களை முதல்ல முயற்சி பண்ணச் சொல்றது அதனாலதான். உதவித்தொகை இல்லாத இடம்னா, சனிக்கிழமை மட்டும் வரட்டுமா, வீட்டிலிருந்தே தரவு அலசட்டுமான்னு வெளிப்படையா கேளுங்க. பல ஆய்வகங்கள் தங்களோட தரவையும் கோடையும் பொதுவுல போட்டிருக்காங்க. அதை எடுத்து அவங்க போட்ட கிராஃபைத் திரும்ப வரைஞ்சு பார்க்கிறது நல்ல தொடக்கம். பாடம் வேணும்னா என்.பி.டி.இ.எல்.-ல இலவசமாப் பார்க்கலாம், பரீட்சை எழுதினாத்தான் கட்டணம்.

காலேஜ்லயே இல்லாம, ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல இதைக் கேட்டுட்டிருக்கிறவங்களும் இருக்கீங்க. நான் மேல சொன்ன ஃபெலோஷிப் எல்லாமே மாணவரா பதிவானவங்களுக்கு. அது எனக்கு நியாயமாப் படலை, லைன்ல நிக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச அளவு இந்த விஷயம் வேற யாருக்கும் தெரியாது. பன்னிரண்டாவது முடிச்சிருந்தா, வேலை பார்த்துக்கிட்டே ஐ.ஐ.டி. மெட்ராஸோட ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்புல சேரலாம், ஜே.இ.இ. வேண்டாம், அவங்களே நடத்துற தகுதித் தேர்வு ஒண்ணு உண்டு. பைதானும் புள்ளியியலும் வந்துட்டா மேல சொன்ன சோதனையில பாதி வேலை முடிஞ்ச மாதிரி. அவசரம் வேண்டாம், முதல்ல இட்லித் தட்டைத் திருப்பிப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. "நியூரோசயின்ஸ் இன்டர்ன்ஷிப், நாலு வாரம், சர்டிபிகேட் உறுதி, கட்டணம் இவ்வளவு"ன்னு வாட்ஸ்ஆப் குரூப்ல போஸ்டர் சுத்தும். நான் சொன்ன ஃபெலோஷிப் ரெண்டுலயும் காசு அவங்க பக்கத்திலிருந்து நம்ம பக்கம்தான் வரும். போஸ்டர்ல இருக்கிற லிங்க்கை அமுக்காதீங்க. விண்ணப்பத்தை அந்த நிறுவனத்தோட சொந்தத் தளத்துக்குப் போயே தேடுங்க.